செங்கால் நாரை என்று சொல்வதற்கு முன்

மார்கழி பிறந்தால் போதும், யாராவது மங்கலான படம் ஒன்றை அனுப்பி, "செங்கால் நாரைதானே?" என்று கேட்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் இதே கூத்தை ஆடியவன்தான். பளிச்சென்ற சட்டை போடாதீர்கள், சத்தம் போடாதீர்கள் என்பதையெல்லாம் வேறு யாராவது சொல்லட்டும்.

காலை வைத்துப் பெயர் சூட்டுவது

பெயரிலேயே கால் இருப்பதால் எல்லோரும் காலைத்தான் பார்க்கிறார்கள். நம் வயல்களில் சாதாரணமாக வரும் நத்தை குத்தி நாரைக்கும் இனப்பெருக்கக் காலத்தில் கால் சிவக்கும், உடல் வெளுக்கும். இறகோரக் கறுப்பும் இரண்டுக்கும் உண்டு. போதாக்குறைக்கு, வெயில் ஏறினால் நாரைகள் சூடு தணியத் தம் கால்மீதே எச்சமிடும். உண்மையான செங்கால்கூடச் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகிவிடும்.

அலகைப் பாருங்கள். பிளந்த பனங்கிழங்கு போன்ற பவள அலகு என்று, 'நாராய் நாராய் செங்கால் நாராய்' பாடிய சத்திமுத்தப் புலவர் அன்றே அடையாளம் சொல்லிவிட்டார். நத்தை குத்தியின் அலகு மங்கல் நிறம், நடுவே இடைவெளி. இளம் பறவைக்கு அந்த இடைவெளி இருக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

பறப்பதற்குள் ஊரைக் கூட்டுவது

தாமிரபரணிப் பாசன வயல் ஒன்றில் ஏழு பறவைகள். நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர், "நத்தைகொத்தி ஐயா, தினமும் வரும்" என்றார். அவருக்கு நான் சத்திமுத்தப் புலவரைப் பற்றி வகுப்பெடுத்தேன்! அன்றிரவே தொலைபேசியில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. மறுநாள் ஒரு வேன் நிறைய ஆட்கள். பறவைகள் எழுந்தன. வால் கறுப்பு. செங்கால் நாரையின் வால் வெள்ளை. நிற்கும்போது இறக்கை மூடிவிடுவதால் தெரியாது, பறந்தால்தான் தெரியும். ஐந்து நிமிடம் பொறுத்திருக்கலாம்.

வேன் வாடகை என் தலையில் விழுந்தது. அதுகூடப் பரவாயில்லை. யாரோ அந்த ஏழு பறவைகளையும் செங்கால் நாரை என்று ஒரு பறவைப் பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். திருத்தம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். இன்றும் யாராவது அதை எடுத்துக்காட்டி, "உங்கள் பக்கம் முன்பே வந்திருக்கிறதே" என்று என்னிடமே வாதாடுகிறார்கள்.

மஞ்சள் மூக்கு நாரையோடு குழப்புவது

பெயரை இன்னொரு முறை படியுங்கள்.

இடத்தைக் கவனிக்காதது

செங்கால் நாரை ஈரநிலத்துக்கும் வரும். வெட்டுக்கிளி தேடிக் காய்ந்த புல்வெளியிலும் நடக்கும். சேற்றில் நத்தை தின்றுகொண்டிருக்கும் பறவை எது என்று வயல்காரரிடமே கேளுங்கள். அன்று நீர் பாய்ச்சியவர் அடுத்த வாரம் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "வேன் இனிமேல் வராதா ஐயா?"