ஏர்கோன் வேலைக்கு லைசன்ஸ் எடுக்கணும்னா எங்க ஆரம்பிக்கறது?

ஏர்கோன் லைசன்ஸ் எந்த ஆபிஸ்ல எடுக்கறதுன்னு பசங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க, மலேசியால அப்படி ஒரே ஒரு லைசன்ஸ் கிடையாதுப்பா. யூடியூப்ல அமெரிக்காக்காரங்க இபிஏ 608 (காஸ் கையாள அவங்க ஊர் சர்ட்டிபிகேட்), ஸ்டேட் லைசன்ஸ்னு பேசறத பாத்துட்டு பினாங்குக்கு வேற, கேஎல்லுக்கு வேறன்னு நெனச்சுக்காதீங்க, அது அவங்க ஊர் சட்டம். இங்க தொழில் சர்ட்டிபிகேட் தீபகற்பம் முழுக்க ஒன்னுதான், பினாங்கு பிறைல எடுத்தாலும் கேஎல் பிரிக்ஃபீல்ட்ஸ்ல செல்லும். வேலை தெரியும்னு காட்ட ஒரு பேப்பர், குளிரூட்டி காஸ் தொட்டா ஒரு பேப்பர், வயர் தொட்டா ஒரு பேப்பர், கன்ஸ்ட்ரக்ஷன் சைட்டுக்குள்ள போனா இன்னொன்னு, சொந்தமா செஞ்சா அதுக்கு மேல ரெண்டு. இவ்வளவுதான் கணக்கு.

மொதல்ல எஸ்கேஎம், அதாவது மலேசிய திறன் சர்ட்டிபிகேட். மனிதவள அமைச்சுக்குக் கீழ இருக்கற ஜேபிகே, திறன் மேம்பாட்டுத் துறை, குடுக்கறது, லெவல் 1, 2, 3, அதுக்கு மேல 4 டிப்ளோமா, 5 அட்வான்ஸ் டிப்ளோமா. எஸ்பிஎம் (ஃபார்ம் 5 பரீட்சை) முடிச்ச கையோட வர்ற தம்பிங்க அட்தெக் மாதிரி அரசாங்க தொழில் பயிற்சி நிலையத்துல இல்லன்னா பிரைவேட் செண்டர்ல விசாரிக்கலாம். பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒன்னு கேளுங்க, செண்டருக்கு ஜேபிகே அங்கீகாரம் இருக்குன்னு சொன்னா போதாது, ஏர்கோன் கோர்ஸுக்கே இருக்கா, எந்த லெவல் வரைக்கும் இருக்குன்னு பேப்பர்ல காட்ட சொல்லுங்க. வாசல்ல பெருசா லோகோ மாட்டிட்டு உள்ள போனா வெல்டிங்குக்கு மட்டும் அங்கீகாரம் இருக்கும்லா.

ஏற்கனவே பல வருஷமா வேன் மேல ஏணிய கட்டிக்கிட்டு வீடு வீடா சுத்தறவங்க திரும்ப கிளாஸ்ல போயி உக்கார வேணாம், உங்களுக்குத்தான் பிபிதி இருக்கு. பெங்கிக்திராஃபான் பென்சாப்பாயான் தெர்டாஹுலு, அதாவது நீங்க செஞ்ச வேலைக்கு ஆதாரம் காட்டினா அத அதிகாரிங்க பாத்து கேள்வி கேட்டு எஸ்கேஎம் குடுக்கற வழி. இதுல எல்லாரும் மாட்டிக்கறது அந்த ஆதார ஃபைல்லதான், வேலை நல்லா தெரியும், ஆனா கைல ஒரு போட்டோ இருக்காது. அதனால பதிய போறதுக்கு ரொம்ப நாள் முன்னாடியே சேக்க ஆரம்பிச்சுடுங்க. அவுட்டோர் யூனிட்ல ஒட்டியிருக்கற நேம்பிளேட், அதுல மாடல் நம்பரும் காஸ் டைப்பும் படிக்கற மாதிரி தெரியணும். ஃப்ளேர் அடிச்ச, அதாவது வாய் விரிச்ச கோப்பர் பைப் முனை, டோர்க் ரெஞ்ச் போட்டு நட்டு முறுக்கறது, வெக்கும் பம்ப் ஓடும்போது கேஜ் முள்ளு எங்க நிக்குது, ஸ்டார்ட் பண்ணப்புறம் கிளாம்ப் மீட்டர்ல எத்தன ஆம்ப், இதெல்லாம் வரிசையா எடுங்க, நடுவுல சிலதுல உங்க முகமும் விழணும், வெறும் மெஷின் போட்டோவா இருந்தா யாரு செஞ்ச வேலைன்னு கேப்பாங்க. தவுக்கேகிட்ட (முதலாளிகிட்ட) வேலை செஞ்சதுக்கு லெட்டர் இப்பவே வாங்கி வைங்க, வேலைய விட்டப்புறம் கேட்டா இழுத்தடிப்பாங்க. "ஒன்னும் செய்ய வேணாம், காசு மட்டும் கட்டுங்க, லெவல் 3 வீட்டுக்கு வரும்"னு வாட்ஸ்அப்ல வர்ற ஆளுங்கள நம்பாதீங்க.

அடுத்தது காஸ். இது ஜாபத்தான் ஆலாம் செகித்தார், அதாவது சுற்றுச்சூழல் துறை கைல இருக்கு, அவங்க அனுமதி குடுத்த செண்டர்ல காஸ் கையாள சிஎஸ்டிபின்னு ஒரு டிரெய்னிங், எஸ்கேஎம் இருந்தாலும் இது தனி. நெறைய பேர் இத விட்டுடறாங்க, ஆனா என்ன கேட்டா இதுதான் ரொம்ப முக்கியம். 1974 சுற்றுச்சூழல் தர சட்டத்துக்குக் கீழ குளிரூட்டி காஸுக்குன்னே 1999-ல விதி போட்டாங்க, 2020-ல அத மாத்தி புதுசா கொண்டு வந்தாங்க. பழைய யூனிட்ட கழட்டும்போது வால்வ தொறந்து புஸ்ஸுன்னு விடறது பழக்கமா போச்சு, ரெக்கவரி மெஷின்ல புடிக்கணும். பழைய யூனிட்ல இருக்கற ஆர்22 காஸ், ஓசோனக் காக்கற மொன்ட்ரியல் ஒப்பந்தப்படி கொறஞ்சுக்கிட்டே வருது, நம்ம மாதிரி நாடுகளுக்கு 2030 கெடு. இப்ப புது வீட்டு யூனிட்ல பெரும்பாலும் ஆர்32. அது லேசா தீப்பிடிக்கற காஸ், பிரஷர் ஆர்22 விட ஒன்றரை மடங்குக்கு மேல போகும், பழைய ஹோஸையும் கேஜையும் மாட்டி ஓட்டக்கூடாது. காஸ் இருக்கற லைன்ல டார்ச் வைக்கற ஆளா இருந்தா டிரெய்னிங் முடியற வரைக்கும் ஆர்32 பக்கமே போவாதீங்க.

வயர் விஷயம் சுருக்கமா. டிபி பாக்ஸ்லேர்ந்து (வீட்டு மெயின் கரண்ட் பெட்டி) ஏர்கோனுக்கு புது பாயிண்ட் இழுக்கறது வயர்மேன் வேலை, அதுக்கு சுருஹான்ஜாயா தெனாகா (எரிசக்தி ஆணையம்) சர்ட்டிபிகேட், சிங்கிள் ஃபேஸுக்கு பிடபிள்யூ2, த்ரீ ஃபேஸுக்கு பிடபிள்யூ4. உங்ககிட்ட அது இல்லன்னா இருக்கறவர கூப்பிட்டு கூலி குடுத்துடுங்க.

கட்டிக்கிட்டு இருக்கற கொண்டோ, ஃபேக்டரி சைட்டுக்குப் போனா சிஐடிபி (கட்டுமானத் தொழில் வாரியம்) க்ரீன் கார்ட் கேப்பாங்க, ஒரு நாள் பாதுகாப்பு வகுப்புதான், போயிட்டு வந்துடலாம். நீங்களே கான்ட்ராக்ட் எடுக்கறதா இருந்தா கம்பெனிய சிஐடிபில பதியணும், கிரேட் ஜி1லேர்ந்து ஜி7 வரைக்கும், ஏர்கோனுக்கு எம்01 பிரிவு.

சொந்தமா செய்ய ஆரம்பிச்சா 30 நாளைக்குள்ள எஸ்எஸ்எம்ல (கம்பெனி பதிவு ஆணையம்) பதியணும், உங்க சொந்த பேர்ல வருஷத்துக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), கடை பேர் வெச்சா 60 வெள்ளி, ஆன்லைன்லயே முடிஞ்சுடும். அப்புறம் கடை லைசன்ஸ், அந்தந்த ஊர் நகராண்மைக் கழகம் குடுக்கறது, இது ஒன்னுதான் ஊருக்கு ஊர் மாறும், கேஎல்னா டிபிகேஎல், பினாங்கு தீவுல எம்பிபிபி, பட்டர்வர்த் பக்கம் எம்பிஎஸ்பி. சர்வீஸுக்கு சுத்தறவங்க பெர்கேசோ (சமூக பாதுகாப்பு நிறுவனம்) சுயதொழில் திட்டத்துலயும் சேந்துக்குங்க, மாடியில தொங்கி செய்ற வேலை.

எல்லா பாரத்துலயும் பேர் மைகார்ட்ல (அடையாள அட்டை) இருக்கற மாதிரியே எழுத்துக்கு எழுத்து இருக்கணும், மகன்னு குறிக்கற ஏ/எல் உட்பட. சர்ட்டிபிகேட்ல ஒரு ஸ்பெல்லிங், எஸ்எஸ்எம்ல ஒரு ஸ்பெல்லிங்னு இருந்தா கவுண்டர்ல திருப்பி அனுப்பிடுவாங்க.