ஒல் வீல் டிரைவுக்கும் வின்ரர் ரயர் வேணும்: வீட்டிலேயே மாற்றும் முறை

ஒல் வீல் டிரைவ் எஞ்சினின் இழுவையை நாலு சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கும். அதன் வேலை அவ்வளவுதான். பிரேக் எல்லாக் காருக்கும் ஏற்கெனவே நாலு சில்லிலும் இருக்கிறது. ஆகவே சிவப்பு விளக்குக்கு நிற்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் ஒல் வீல் டிரைவ் உதவாது. அங்கே ரயரின் பிடிதான் கணக்கு.

கணக்கென்றால் உண்மையிலேயே கணக்கு. 50 கிலோமீற்றர் வேகத்தில் பிரேக்கை அழுத்தினால், உராய்வுக் குணகம் (ரயர் வீதியைப் பிடிக்கும் அளவு) 0.8 இருக்கும் காய்ந்த வீதியில் ஏறத்தாழ 12 மீற்றரில் கார் நிற்கும். இறுகிய பனியில் குணகம் 0.3 என்றால் 33 மீற்றர், 0.2 என்றால் 49 மீற்றர். அந்த 16 மீற்றருக்குள் ஒரு சந்தியே அடங்கும். 0.2ஐ 0.3 ஆக்குவது ரயர் மட்டுந்தான். ஒல் வீல் டிரைவ் செய்யும் கெடுதல் என்னவென்றால், வழுக்காமல் புறப்பட்டுப் போவதால் வீதி நல்லாயிருக்கிறது என்று ஓட்டுபவரை நம்பவைத்துவிடும்.

கனடாவின் ஒன்ராறியோவில் அதிகம் ஓடும் ஹொண்டா சி.ஆர்.வி, 2017 முதல் 2022 வரையான மொடலை வைத்துச் சொல்கிறேன். மற்றக் காருக்கு எண்கள் மாறும், முறை மாறாது.

படி 1: ரயர் தெரிவு

பக்கச் சுவரில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் போட்ட சின்னம் இருக்கவேணும். ‘எம்+எஸ்’ (சேறும் பனியும்) என்ற எழுத்து மட்டும் போதாது. அது தவாளிப்பின் (ரயரின் முகத்தில் வெட்டிய பள்ளங்களின்) அமைப்பைத்தான் சொல்கிறது, பனியில் சோதித்ததைச் சொல்லவில்லை. 7 பாகை செல்சியசுக்குக் கீழே, எல்லாப் பருவத்துக்கும் என்று காரோடு வரும் ஒல் சீசன் ரயரின் றப்பர் இறுகத் தொடங்கும். வின்ரர் ரயரின் றப்பர் அந்தக் குளிரிலும் இளகியே இருக்கும், அதிலுள்ள மெல்லிய கீறல்கள் ஐஸைக் கவ்வும்.

என் தெரிவு ஆணியில்லாத வகை: பிரிஜ்ஸ்ரோன் பிளிசாக், மிஷலின் எக்ஸ்-ஐஸ் ஸ்னோ, நோக்கியன் ஹக்கபெலிட்டா ஆர் வரிசை. மூன்றில் எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். பக்கச் சுவரில் ‘டொட்’ (DOT) எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 3824 என்றால் 2024ஆம் ஆண்டின் 38ஆவது வாரம் செய்தது.

இரண்டு மட்டும் வாங்கி முன்னுக்குப் போடவேண்டாம். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் பின்பக்கம் முந்திக்கொண்டு சுழலும். ஒல் வீல் டிரைவில் இன்னொரு கேடும் உண்டு. முன்னும் பின்னும் ரயரின் சுற்றளவு வேறுபட்டால் இரண்டையும் இணைக்கும் கிளச்சுக்கு ஓய்வே கிடையாது, சூடாகித் தேயும்.

படி 2: அளவும் றிம்மும்

18 அங்குல றிம்மில் வரும் காரின் ரயர் 235/60 ஆர்18. குளிர்காலத்துக்கு 235/65 ஆர்17 போடுங்கள். விட்டம் 739 மி.மீற்றரிலிருந்து 737 ஆகும், வேகமானி மாறாது. ரயர் மலிவு, குழியில் விழுந்தாலும் றிம் தப்பும். தனி ஸ்ரீல் றிம் வாங்குவதே புத்தி. ஒவ்வொரு பருவமும் ஒரே றிம்மில் ரயரைக் கழற்றிப் பூட்டினால் கூலியும் போகும், ரயரின் விளிம்பும் பழுதாகும். றிம்மின் துளை அமைப்பு 5×114.3 (114.3 மி.மீற்றர் வட்டத்தில் ஐந்து போல்ட் துளை), நடுத் துளை 64.1 மி.மீற்றர். நடுத் துளை பெரிதாக இருந்தால் அதற்கான வளையம் போடவேணும், இல்லாவிட்டால் 100 கிலோமீற்றர் வேகத்தில் ஸ்ரியரிங் நடுங்கலாம்.

படி 3: நட்டு (ஆறுதலாக வாசியுங்கள்)

ஹொண்டாவின் சொந்த றிம்முக்கு வரும் நட்டின் அடி உருண்டையாக இருக்கும். வெளியில் வாங்கும் றிம்முக்குப் பெரும்பாலும் கூம்பு வடிவ அடி வேணும். இரண்டும் எம்12×1.5 என்ற ஒரே புரி அளவு என்பதால் புரியில் அழகாக ஏறும், இறுகவும் செய்யும். அங்கேதான் ஏமாற்று. உருண்டை நட்டு கூம்புக் குழியில் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும் தொடும். கொஞ்சத் தூரம் ஓடியதும் அந்த இடம் நசிந்து நட்டு இளகும். 80 கிலோமீற்றர் வேகத்தில் ‘டக் டக்’ என்ற சத்தம் வந்தால் முதலில் இதைப் பாருங்கள். றிம் வாங்கும்போதே 20 கூம்பு நட்டும் சேர்த்துக் கேளுங்கள். பழைய நட்டுகளை எறியாமல் டிக்கியில் போடுங்கள், ஸ்பெயார் சில்லுக்கு அவைதான் பொருந்தும்.

படி 4: கழற்றிப் பூட்டல்

சமதரை, ஹாண்ட் பிரேக், எதிர்ச் சில்லுக்குக் கட்டை. காரைத் தூக்குமுன் நட்டுகளைக் கால் சுற்று இளக்குங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் கையைக் கீழே விடாதீர்கள், ஸ்ராண்ட் வையுங்கள்.

வீதி உப்பால் கறள் பிடித்து றிம் ஒட்டிக்கொண்டு வராவிட்டால், இரண்டு நட்டை ஐந்தாறு புரி மட்டும் ஏற்றிவிட்டு, ரயரின் பக்கச் சுவரில் றப்பர்ச் சுத்தியலால் மாறி மாறித் தட்டுங்கள். வந்ததும் கம்பித் தூரிகையால் கறளைச் சுரண்டுங்கள். கறளின் மேல் இறுக்கினால் பிறகு அது உதிர்ந்து நட்டு இளகும். புரியில் எண்ணெய் பூசவே கூடாது. பூசினால் ரோர்க் ரென்ச் (இறுக்கும் விசையை அளக்கும் சாவி) காட்டும் எண் பொய்யாகி, போல்ட் இழுபடும்.

ரயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் பார்த்துப் பூட்டுங்கள். நட்டுகளைக் கையால் ஏற்றி, நட்சத்திர வடிவில் இறுக்கி, ரயர் தரையைத் தொட்டபின் ரோர்க் ரென்ச்சால் 80 பவுண்ட்-அடி, அதாவது 108 நியூட்டன் மீற்றர். 80 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி. இம்பக்ட் கன் (நட்டை வேகமாகச் சுழற்றும் இயந்திரம்) கழற்றுவதற்கு மட்டும் நல்லது. கராஜில் மாற்றினாலும் கடைசி இறுக்கலைக் கையால் செய்யச் சொல்லுங்கள்.

படி 5: காற்று

கதவுச் சட்டத்து ஸ்ரிக்கரில் உள்ள அழுத்தம், குளிர்ந்த ரயரில். வெப்பம் 5-6 பாகை இறங்க 1 பிஎஸ்ஐ குறையும். 20 பாகைக் கராஜில் நிரப்பிய காற்று வெளியே மைனஸ் 15இல் 6 பிஎஸ்ஐ குறைந்து நிற்கும். இந்த மொடலில் றிம்முக்குள் காற்றழுத்தத்தை அளக்கும் சென்சர் இல்லை, சில்லு சுழலும் வேகத்தை வைத்தே கார் கணிக்கிறது. ஆகவே மாற்றியதும் மெனுவில் ‘டிபிஎம்எஸ் கலிபிரேஷன்’ (காற்றழுத்தக் கணிப்பைப் புதிதாகத் தொடங்குதல்) கொடுத்துவிட்டு அரை மணித்தியாலம் வரை ஓட்டுங்கள். இதைச் செய்யாமல் எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்று சென்சர் வாங்க ஓடுபவர்கள் இருக்கிறார்கள்.

படி 6: பழகிப் பார்த்தல்

பனி விழுந்தபின் வெறுமையான, அனுமதியுள்ள பார்க்கிங் இடத்தில் 30 கிலோமீற்றர் வேகத்தில் போய்ப் பிரேக்கை முழுதாக அழுத்துங்கள். பாதத்தின் கீழே கடகடவென்று அதிரும். அது ஏபிஎஸ் (சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு), காலை எடுக்காதீர்கள். வழுக்கல் மோசமாவது கடுங்குளிரில் அல்ல, பூச்சியத்துக்குக் கிட்ட, ஐஸின் மேல் நீர்ப்படலம் நிற்கும்போது.

பின்சேர்க்கை

ஒல் வெதர் ரயர் (ஒல் சீசன் அல்ல, ஆண்டு முழுதும் ஓடும் வேறு வகை) போதுமா? அதே மலைச் சின்னம் அதற்கும் உண்டு. ரொறன்ரோ நகருக்குள் மட்டும் ஓடுபவர்களுக்குப் போதும். வடக்கே பரி (Barrie), சட்பரி (Sudbury) நகரங்களின் பக்கம் அடிக்கடி போனால் வேண்டாம்.

சட்டம்? ஒன்ராறியோவில் கட்டாயமில்லை. 2016 முதல் காப்புறுதி நிறுவனங்கள் வின்ரர் ரயருக்குக் கட்டணக் கழிவு தந்தாகவேணும், பற்றுச்சீட்டை வைத்திருந்து கேளுங்கள். கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம்.

எப்போது எறிவது? தவாளிப்பு 4 மி.மீற்றருக்குக் கீழே போனால் பனிக்கு உதவாது. கழற்றும்போது எந்தச் சில்லு எங்கே இருந்தது என்று சோக்கால் எழுதி, றிம்மோடு இருந்தால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குங்கள். றிம் இல்லாத ரயரை நிமிர்த்தி வையுங்கள்.