முன்கதவுக்கு ஸ்டீலா, ஃபைபர் கிளாஸா? கொழும்பு வீட்டுக்குக் கதவு தெரிவு செய்யும் முறை

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவில் உள்ள ஒரு ஒழுங்கையில்தான் எங்கள் வீடு. பழைய மரக்கதவைக் கறையான் அரித்ததும் அப்பா ஒரு ஸ்டீல் கதவு வாங்கிப் போட்டார். ஐந்தாவது வருடம் கீழ் விளிம்பில் பெயின்ட் கொப்பளித்தது. விரலால் தட்டினால் துரு உதிர்ந்தது. அதே மாதிரிக் கதவு கொட்டாஞ்சேனையில் மாமி வீட்டிலும் இருக்கிறது. அது தாழ்வாரத்துக்கு உள்ளே இருப்பதால் இன்றைக்கும் பழுதில்லாமல் நிற்கிறது.

இந்த முறை கதவு மாற்றும் வேலை என் பொறுப்புக்கு வந்தது. எந்த வரிசையில் யோசித்தால் பணம் வீண்போகாது என்று அப்போது விளங்கியது. முதல் தடவையாகக் கதவு வாங்கப் போகிறவர்களுக்காக அதே வரிசையில் எழுதுகிறேன்.

படி 1: கடைக்குப் போக முன்னர் வாசலைப் பாருங்கள்

இதற்கு ஒரு வாரம் எடுத்தாலும் பரவாயில்லை. முதலில் உப்புக் காற்று. கடல் எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் அளப்பதைவிட, உங்கள் வீட்டு ஜன்னல் கம்பியையும் கேட்டின் பிணைச்சலையும் பாருங்கள். அடிக்கடி பெயின்ட் அடித்தும் அவை துருப்பிடிக்கின்றன என்றால் கதவுக்கும் அதே கதிதான். பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளைக் கடற்கரைப் பக்கத்தில் இது நிச்சயம் நடக்கும்.

அடுத்தது மழை. கொழும்பில் வருடத்துக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடல் பக்கமிருந்து சாரலை அள்ளிக்கொண்டு வரும். நல்ல மழை நாளில் உள்ளே நின்று, வாசலில் எவ்வளவு தூரம் நனைகிறது என்று பாருங்கள். கதவின் அடி நனைகிறதா என்பதுதான் முக்கியம். வெள்ளிக்கிழமைகளில் வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வீடென்றால் அதையும் மழைக் கணக்கில் சேருங்கள். எங்கள் கதவை மழை பாதி தின்றது, வாளித் தண்ணீர் மீதியைத் தின்றது.

கடைசியாக வெயில். மேற்குப் பார்த்த வாசலுக்குப் பின்னேர வெயில் நேரே விழும். அப்படியான இடத்தில் கறுப்பு, கடும் கபில நிறங்கள் எந்தக் கதவுக்கும் நல்லதல்ல. ஸ்டீல் என்றால் தொட முடியாதபடி சுடும். ஃபைபர் கிளாஸ் என்றால் நிறம் சீக்கிரம் வெளுக்கும்.

படி 2: கதவுக்குள் என்ன இருக்கிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள்

ஸ்டீல் கதவு என்றால் முழு இரும்புப் பலகை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டு மெல்லிய தகடுகள், நடுவில் நுரை அல்லது தேன்கூடு மாதிரியான அட்டை, சுற்றிவர மரத்தாலோ இரும்பாலோ ஒரு சட்டம், அவ்வளவுதான். தகட்டின் தடிப்பைக் கேஜ் என்ற கணக்கில் சொல்வார்கள். இலக்கம் கூடக் கூடத் தகடு மெல்லியது. 24 கேஜ் ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர், 20 கேஜ் 0.9 மில்லிமீட்டர். மெல்லிய தகட்டில் சைக்கிள் ஹேண்டில் பட்டாலே குழி விழும்.

தகட்டின் மேல் நாகம் (சிங்க் என்ற உலோகம்) பூசியிருப்பார்கள். உப்பும் ஈரமும் வரும்போது நாகம்தான் முதலில் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். நாகம் தீர்ந்த இடத்தில் துரு தொடங்கும். வெட்டிய விளிம்பும் பூட்டுக்காகத் துளைத்த இடமும் கதவின் அடியில் தகடு மடியும் இடமும் முதலில் தீரும் இடங்கள். தண்ணீர் தங்குவதும் அடியில்தான்.

ஃபைபர் கிளாஸ் கதவில் தகட்டுக்குப் பதிலாகக் கண்ணாடி நாரும் பிசினும் சேர்த்து அச்சில் அழுத்திய தோல் இருக்கும். நடுவில் நுரை. இது துருப்பிடிக்காது, கறையான் தின்னாது, குழியும் விழாது. ஆனால் பலமான அடி ஒன்று விழுந்தால் வெடிக்கும். வெடித்ததை வீட்டில் திருத்துவது கஷ்டம். வெயில் பட்டுப் பட்டு மேற்பரப்பு மங்கி மா மாதிரித் தூள் வரும். மரரேகை அச்சு உள்ள கதவுக்குச் சாயம் பூசினால் தேக்கு மாதிரியே இருக்கும். நம்மவர்களுக்குத் தேக்கு வாசலில் இருக்கும் ஆசைக்கு இது நல்ல பதில்.

ஒரு விஷயம் கவனியுங்கள். இரண்டிலும் சட்டம் மரமாக இருக்கலாம். வெளித்தோல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அடிச்சட்டம் சாதாரண மரம் என்றால் ஈரம் ஊறி உப்பும். ஆகவே அடிச்சட்டம் எதனால் ஆனது என்று கட்டாயம் கேளுங்கள்.

படி 3: வாசலையும் கதவையும் சேர்த்துப் பாருங்கள்

உப்புக் காற்றும் சாரலும் படும் வாசலுக்கு ஃபைபர் கிளாஸ்தான் என் முடிவு. விலை கூடுதலாக இருந்தாலும் அதைத்தான் சொல்வேன். கடலிலிருந்து விலகிய, தாழ்வாரம் உள்ள வாசலுக்கு ஸ்டீல் தாராளமாகப் போதும். செலவு குறையும், முட்டல் மோதலில் வெடிக்காது, சிறு குழி விழுந்தாலும் பட்டி போட்டுப் பெயின்ட் அடிக்கலாம். நாங்கள் முன்னுக்கு ஃபைபர் கிளாஸும், கூரைக்குக் கீழ் இருக்கும் பின் வாசலுக்கு ஸ்டீலும் போட்டோம்.

ஃபிளாட்டில் இருப்பவர்கள், பொது நடைக்குத் திறக்கும் கதவை மாற்ற முன்னர் நிர்வாகக் குழுவிடம் கேளுங்கள். அது தீத்தடுப்புக் கதவாக இருந்தால் அதே தரத்தில்தான் மாற்ற வேண்டும்.

படி 4: கடையில் சோதித்துப் பாருங்கள்

பழைய சோனகத் தெருவில் ஹாட்வெயார் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே போய் "ஃபைபர் கதவு" என்று மட்டும் கேட்காதீர்கள். பாத்றூமுக்குப் போடும் பிளாஸ்டிக் கதவைக்கூட அந்தப் பெயரில் காட்டுவார்கள். "வெளி வாசலுக்கு, ஃபைபர் கிளாஸ் தோல், உள்ளே நுரை" என்று முழுதாகச் சொல்லுங்கள்.

ஒரு சின்னக் காந்தம் கொண்டு போங்கள். ஸ்டீல் கதவில் ஒட்டும். ஃபைபர் கிளாஸிலும் அலுமினியத்திலும் ஒட்டாது. அப்புறம் கதவின் நடுவில் விரல் முட்டியால் தட்டுங்கள். டொங்கென்று வெறும் தகரச் சத்தம் வந்தால் உள்ளே நிரப்பியது குறைவு. நிறைந்த கதவு மொத்தமான சத்தம் தரும். பிறகு கதவின் அடியைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் போனைக் கீழே வைத்துப் படம் எடுங்கள். அங்கே பெயின்ட் அடிக்காமல் விட்டிருந்தால், முகப்பு எவ்வளவு பளபளத்தாலும் நான் அந்தக் கதவை வாங்க மாட்டேன்.

படி 5: அளவு எடுங்கள்

அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவை எழுதுங்கள். உயரத்தை இரு பக்கமும் அளக்க வேண்டும். பிறகு நிலையின் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு தரம் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லை என்றால் நிலை கோணல்.

மரக்கதவு என்றால் தச்சுப் பாஸ் சீவித் தந்துவிடுவார். ஸ்டீலைச் சீவ முடியாது, ஃபைபர் கிளாஸிலும் சட்டத்தில் சில மில்லிமீட்டர்தான் எடுக்கலாம். அதனால் கோணல் நிலையை முதலில் சரிசெய்யுங்கள். கறையான் ஏறிய நிலை என்றால் அதையும் மாற்றிவிடுங்கள். கதவின் தடிப்பு பெரும்பாலும் 44 மில்லிமீட்டர். பழைய பூட்டு அதற்குப் பொருந்துமா என்றும் பாருங்கள்.

படி 6: பூட்டும் பிணைச்சலும்

கதவை உதைத்து உடைக்கும்போது பெரும்பாலும் முதலில் பிளப்பது நிலைதான். பூட்டின் நாக்கு போய் விழும் தகட்டைச் சின்ன ஆணியால் முடுக்கியிருந்தால் எந்தக் கதவும் காப்பாற்றாது. 75 மில்லிமீட்டர் திருகாணி போட்டு, அது நிலையைத் தாண்டிச் சுவர்வரை இறங்கும்படி செய்யச் சொல்லுங்கள்.

கடற்கரைப் பக்கத்தில் பிணைச்சல், திருகாணி எல்லாம் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். அதில் 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினம் சேர்ந்திருப்பதால் வழக்கமான 304 தரத்தைவிட உப்பைத் தாங்கும். வெளிப்பக்கம் திறக்கும் கதவு என்றால், பிணைச்சலின் ஊசியை வெளியிலிருந்து கழற்ற முடியாத வகை வேண்டும்.

படி 7: பொருத்தும் நாளும் அதற்குப் பிறகும்

பாஸ் வேலை செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஸ்டீல் கதவில் துளை போட்டதும், பூட்டை மாட்ட முன்னர் துளையின் விளிம்பில் பிரைமர் (பெயின்ட்டுக்கு முன்னர் பூசும் அடிப்பூச்சு) பூசச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலைதான், நாம் சொல்லாவிட்டால் விடுபட்டுப்போகும். கதவைத் தொங்கவிட முன்னர் அடிவிளிம்பில் பெயின்ட் இரண்டு தரம் அடியுங்கள். தொங்கவிட்ட பிறகு தூரிகை அங்கே போகாது.

பிறகு மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். ஸ்டீலில் துருப் புள்ளி தெரிந்தால் அன்றே வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, பிரைமர் பூசிப் பெயின்ட் அடியுங்கள். சாயம் பூசிய ஃபைபர் கிளாஸில் பளபளப்பு மங்கத் தொடங்கும்போதே மேலே ஒரு தரம் வார்னிஷ் பூச வேண்டும். மங்கி மா வரும்வரை விட்டால் வேலை இரட்டிப்பு.

நல்ல நாளில் மாவிலை கட்ட ஆணி வேண்டும் என்று அம்மா கேட்பார். கதவில் அடிக்க விடாதீர்கள். ஸ்டீலில் அந்த ஓட்டையிலிருந்து துரு வடியும், ஃபைபர் கிளாஸில் கீறல் ஓடும். நிலையின் மேல்சட்டத்தில் இரண்டு பக்கமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொளுக்கி போட்டுவிடுங்கள். தோரணமும் அங்கேதான் அழகாகத் தொங்கும்.