சிக்னல் போன மதியம்

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் எடை பார்த்துக்கொண்டிருந்தபோது போனில் சிக்னல் மொத்தமாகப் போனது. இது புதுசா என்று விட்டுவிட்டேன். பக்கத்துக் கடைக்காரருக்கும் அதே கம்பெனி, அவருக்கு நாலு கோடும் இருந்தது! வயிற்றைக் கலக்கியது. அவர் போனிலேயே வங்கிக்கு அழைத்துக் கணக்கை முடக்கினேன், அப்புறம் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழைத்தேன். யாரோ என் எண்ணுக்கு மாற்று சிம் வாங்கியிருந்தார்கள். சிம் மாறினால் 24 மணி நேரம் வங்கி ஓ.டி.பி. உட்பட எஸ்.எம்.எஸ். எதுவும் வராது என்ற விதிதான் பணத்தைக் காத்தது.

சிம்மை மீட்டதும் அதே எண்ணோடு வேறு கம்பெனிக்கு உடனே போர்ட் செய்ய முடியவில்லை. 2024 ஜூலையிலிருந்து, சிம் மாறினால் போர்ட் செய்ய 7 நாள் பொறுக்க வேண்டும். அதற்குள் வேறு கம்பெனிகளின் இரண்டு கடைகளில் ஒரே கேள்வி கேட்டேன்: "சிம் தொலைஞ்சா என்ன கேப்பீங்க?"

"ஆதார் ஜெராக்ஸ் போதும்ணே" என்றார் ஒருவர். இன்னொருவர், "நீங்களே வந்து கைரேகை வைக்கணும்" என்றார். அவரிடமே மாறினேன்.