மோட்டார் நின்றால் சொட்டும் நிற்கும்: கடவுள் வாதங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு நிழலில் நாலு பேர் அமர்ந்து கடவுள் உண்டா, இல்லையா என்று பேசத் தொடங்கினால், கால்மணி நேரத்துக்குள் ஒருவர், "எல்லாவற்றுக்கும் காரணம் உண்டென்றால் கடவுளுக்குக் காரணம் யார்?" என்று கேட்டுவிடுவார். கல்லூரி நாள்களில் நானே இதைக் கேட்டுக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஆனால் இந்தக் கேள்வி, பெயர்பெற்ற வாதங்களின் மேல் படுவதே இல்லை. 11ஆம் நூற்றாண்டில் இஸ்லாமிய அறிஞர் அல் கசாலி எழுதியது, 'தோன்றியவை அனைத்துக்கும் காரணம் உண்டு' என்பதே. சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் முதல் சூத்திரத்தில் அதன் ஆசிரியர் மெய்கண்டார், அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவதால் அதற்கு ஒரு கருத்தா (ஆக்குபவன்) வேண்டும் என்கிறார். தோற்றமும் ஒடுக்கமும் இல்லாத ஒன்றைப் பற்றி அச்சூத்திரம் அவ்வாறு கூறவில்லை. மறுக்க விரும்புபவர் கேட்க வேண்டியது வேறு: உலகின் பகுதிகள் தோன்றி மறைவதைக் கொண்டு உலகம் முழுவதும் அவ்வாறே தோன்றியது என்று எப்படிச் சொல்வது?

இதைவிட ஆழமான குழப்பம், காரணத் தொடர்கள் எல்லாம் ஒரே வகை என்று எண்ணுவதாகும். தோப்பில் நிற்கும் ஒட்டு மாமரம் ஒரு தாய்மரத்திலிருந்து வந்தது. அத்தாய்மரத்தை வெட்டி விறகாக்கிய பிறகும் இது காய்க்கும். அதே மரத்தின் வேரடியில் விழும் சொட்டுநீர் அப்படியன்று. நீரைச் சொட்டவிடும் சொட்டுவானுக்குக் குழாயும், குழாய்க்கு மோட்டாரும், மோட்டாருக்கு மின்சாரமும் இந்தக் கணத்தில் தேவை. கரண்ட் போனால் குழாய் எவ்வளவு நீளமாக இருந்தாலும் சற்று நேரத்தில் சொட்டு நின்றுவிடும். 13ஆம் நூற்றாண்டில் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் முதற்காரணம் தேடியது இந்த இரண்டாம் வகைத் தொடரில்தான். தந்தை, பாட்டன், பூட்டன் என்ற முதல் வகைத் தொடர் முடிவின்றிப் பின்னே செல்வது இயலாததன்று என்று அவரே ஒப்புக்கொள்கிறார். உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்பதைக்கூட அவர் நம்பிக்கையால் ஏற்றாரே தவிர, பகுத்தறிவால் நிறுவ முடியும் என்று கருதவில்லை. ஆகவே பெருவெடிப்பைக் காட்டி அவரை ஆதரிப்பதும், தொடக்கமற்ற உலகைக் காட்டி அவரை மறுப்பதும் ஒருசேரக் குறி தவறுபவை.

ஒழுங்கிலிருந்து படைத்தவனை அனுமானிக்கும் வாதத்தில் அவசரம் இன்னும் அதிகம். இம்மாவட்டத்துக் குன்றுகளில் உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, யாரோ தூக்கி வைத்ததுபோல் நிற்கின்றன. அவை வெயிலும் மழையும் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தேய்த்து விட்டுச்சென்றவை. மல்லச்சந்திரத்தில் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒன்றை மூடி வைத்த கற்திட்டைகளோ மனிதர் ஆக்கியவை. இரண்டையும் நாம் பிரித்தறிவது ஒழுங்கைக் கண்டு மட்டுமன்று. மனிதர் கல் பிளப்பதையும் வீடு கட்டுவதையும் முன்பே அறிந்திருப்பதால்தான். உலகம் ஆக்கப்படுவதை எவரும் கண்டதில்லையே என்பதுதான் தத்துவவாதி டேவிட் ஹியூம் எழுப்பிய தடை. கடிகாரத்துக்கு அதைச் செய்தவன் இருப்பதுபோல் உலகுக்கும் ஒருவன் உண்டு என்ற வில்லியம் பேலியின் கடிகார உவமைக்கு அவர் பதில் எழுதினார் என்று சொல்வதும் தவறு: ஹியூம் 1776இல் இறந்தார், அவருடைய நூல் 1779இல் வெளிவந்தது, பேலியின் நூல் வந்ததோ 1802இல்.

குடத்துக்குக் குயவன்போல உலகுக்கு இறைவன் என்பவர்கள், மண்ணை மறந்துவிடக் கூடாது. சைவ சித்தாந்தத்தில் குயவன் நிமித்த காரணம் (செய்பவன்), சக்கரம் துணைக் காரணம் (கருவி), மண் முதற்காரணம் (இங்கே, ஆக்கப் பயன்படும் பொருள்). உலகைப் பொறுத்தவரை மண்ணின் இடத்தில், அது ஆக்கப்படும் மூலப்பொருளான மாயை உள்ளது. ஒன்றுமில்லாமையிலிருந்து உலகைப் படைத்த இறைவனை நிறுவ இந்த உவமையைக் கையாள்பவர், தம் முடிவுக்கு எதிரான சான்றைத் தாமே கொண்டுவந்து வைக்கிறார். கடவுளை நம்புவதை ஒரு பந்தயமாகப் பார்த்த பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலின் வாதத்தையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டியதில்லை. கடவுள் உண்டா என்று அது நிறுவ முயல்வதில்லை, நம்புவது ஆதாயமா என்றே கணக்கிடுகிறது.

வாதத்தை மறுப்பவரை நாத்திகர் என்று முத்திரை குத்துவது கடைசியாகச் சொல்ல வேண்டிய பிழை. பிரம்மத்தை அனுமானத்தால் நிறுவ முடியாது, சாத்திரமே பிரமாணம் (அறியும் வழி) என்று பிரம்ம சூத்திர உரையான ஸ்ரீபாஷ்யத்தில் விரிவாக வாதிட்ட இராமானுசர், உலகம் முழுவதையும் ஒரே சமயத்தில் ஒருவரே ஆக்கினார் என்பதற்கு அனுமானத்தில் இடமில்லை என்று காட்டுகிறார். நினைக்கக்கூடியவற்றுள் மிகப் பெரியது கடவுள், ஆகவே அது இருந்தாக வேண்டும் என்ற கிறித்தவ இறையியலாளர் அன்செல்மின் வாதத்தை, அவ்வாறாயின் நிறைவான தீவு ஒன்றும் இருந்தாக வேண்டுமே என்று மடக்கிய கோனிலோவும் ஒரு மடத்துத் துறவிதான்.