“இப்போ என்ன படிச்சிக்கிட்டு இருக்கீங்க?” – பதில் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலை கூடும் எங்கள் சின்ன வாசகர் வட்டத்தில் ஒரே கேள்விதான் சுற்றி வரும்: “இப்போ என்ன படிச்சிக்கிட்டு இருக்கீங்க?” ஆளுக்கு மூன்று நிமிடம். ஃபேண்டஸி, அறிவியல் புனைகதை இரண்டும்தான் கணக்கு. கேள்வி எளிது, பதில் சொல்வதில்தான் கோளாறு. இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளை ஒன்று விடாமல் செய்கிறார்கள். அதனால்தான் இதை எழுதி வைக்கிறோம். முடிவைச் சொல்லக்கூடாது, யார் சாகிறார் என்று சொல்லக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அவற்றை விட்டுவிடலாம்.

“இவன் கர்ணன் மாதிரி”

எந்தப் பெரிய கதையைப் படித்தாலும் நமக்குப் பாரதமும் ராமாயணமும்தான் அளவுகோல். அதில் தப்பில்லை. ஆனால் புதிய நாவலின் பாத்திரத்தை “கர்ணன் மாதிரி” என்று ஒருவர் சொன்னவுடன், கேட்கிறவருக்குப் பாதிக் கதை தெரிந்துவிடுகிறது. பிறப்பில் ரகசியம் உண்டு, தவறான பக்கத்தில் நிற்பான், நன்றிக்கடனுக்காக உயிரை விடுவான். “விபீஷணன் மாதிரி” என்றால் கட்சி மாறுவான். “அபிமன்யு மாதிரி” என்றால் இளமையில் போய்விடுவான். ஆங்கிலத்தில் இருநூறு பக்கம் பொத்திப் பொத்தி வைத்ததை ஒரே பெயரில் போட்டு உடைத்தாகிவிட்டது. சொன்னவருக்கோ எதையும் சொல்லிவிட்டதாகவே தோன்றாது.

இடத்தையும் சூழலையும் ஒப்பிடலாம். “அஸ்தினாபுரத்து அரசியல் மாதிரி குழப்பமான அரண்மனை” என்றால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆளை மட்டும் ஒப்பிடாதீர்கள்.

“கடைசியில ஒரு ட்விஸ்ட் இருக்கு”

ட்விஸ்ட் என்ன என்று சொல்லாவிட்டாலும், இருக்கிறது என்று சொன்னதே போதும், காரியம் கெட்டுவிடும். கேட்டவர் அதன்பிறகு கதையைப் படிக்க மாட்டார். ஒவ்வொரு பாத்திரத்தையும் சந்தேகத்தோடு துழாவிக்கொண்டே போவார்.

எங்கள் அளவு இது: புத்தகத்தின் முதல் ஐந்தில் ஒரு பங்குக்குள் நடப்பதை மட்டும் சொல்லுங்கள். ஆர்தர் சி. கிளார்க்கின் ‘ராண்டேவு வித் ராமா’ 1973இல் வந்தது. சூரியக் குடும்பத்துக்குள் 50 கிலோமீட்டர் நீளமும் 20 கிலோமீட்டர் விட்டமும் உள்ள ஓர் உருளை நுழைகிறது, யார் அனுப்பியது என்று தெரியாது, ஒரு கப்பலின் குழு உள்ளே இறங்குகிறது. இவ்வளவு சொன்னாலே பத்துப் பேர் கை நீட்டுவார்கள். பெயரைக் கேட்டதும் “ராமா என்றால் நம்ம ராமரா?” என்று யாராவது கேட்பது நிச்சயம். ஆமாம். கிரேக்க, ரோமானியப் பெயர்களெல்லாம் தீர்ந்துபோய், வானியலாளர்கள் இந்து தெய்வங்களின் பெயர்களுக்கு வந்துவிட்டதாக நாவலே சொல்கிறது. அதையும் தாராளமாகச் சொல்லலாம், எதுவும் உடையாது.

எத்தனையாவது பாகம் என்று சொல்லாமல் வரிசையின் பெயரை மட்டும் சொல்வது

இதைத்தான் விரிவாக எழுத வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் இதைப் பார்த்தால் எரிச்சல் அடங்கவில்லை. பணம் போவது இதில்தான், ஆள் போவதும் இதில்தான்.

நடந்ததைச் சொல்கிறோம். தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த ஒரு பெண் வட்டத்துக்கு வந்தாள். தோட்டத்துப் பிள்ளை. ஆறு வருடம் தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய் இடைநிலைப்பள்ளி. ஆங்கிலம் ஒரு பாடமாக மட்டும் படித்தவள். அன்று ஒருவர் எழுந்து, “பிராண்டன் சாண்டர்சனோட ‘தி வே ஆஃப் கிங்ஸ்’ படிக்கிறேன், அருமை, எல்லாரும் வாங்குங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்தப் பெண் கைப்பேசியில் தேடி, கிடைத்ததிலேயே விலை குறைந்ததை வாங்கினாள். தபால் செலவோடு ஐம்பது வெள்ளிக்கு மேல். புத்தகம் வந்ததும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் முட்டி மோதி எழுபது பக்கம் படித்தாள். யார் யாரோ வருகிறார்கள், எங்கேயோ போகிறார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. அடுத்த கூட்டத்தில் அவள் சொன்னது: “என் இங்லிஷ் பத்தாது அண்ணே.”

புத்தகத்தை வாங்கிப் பார்த்தால், அட்டையில் தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘பகுதி இரண்டு’ என்று இருக்கிறது. அவள் ஒரு நாவலை நட்டநடுவில் திறந்திருக்கிறாள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கும் அது புரிந்திருக்காது. அதை விளக்கிச் சொன்னோம், முதல் பகுதியையும் கையில் கொடுத்தோம். பிறகு அவள் வரவே இல்லை. தன் ஆங்கிலம் பத்தாது என்ற முடிவுக்கு ஏற்கெனவே வந்துவிட்டிருந்தாள். தோட்டத்துப் பிள்ளைகளிடம் இது எப்போதும் நடக்கிறது. கையில் இருப்பது தப்பான புத்தகம் என்று அவர்களுக்குத் தோன்றாது, தங்களிடம்தான் குறை என்று எடுத்துக்கொள்வார்கள்.

இந்தக் குழப்பம் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, பிரித்து அச்சிடுவது. ‘தி வே ஆஃப் கிங்ஸ்’ 2010இல் வந்தபோது ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய ஒரே புத்தகம். அமெரிக்கப் பதிப்பு இன்றும் அப்படித்தான். பிரிட்டனில் மெல்லட்டைப் பதிப்பை இரண்டாக வெட்டினார்கள். நம் நாட்டுக் கடைகளுக்கு பெரும்பாலும் பிரிட்டிஷ் பதிப்புதான் வருகிறது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ வரிசைக்கும் இதே கதி. மூன்றாம் நாவலையும் ஐந்தாம் நாவலையும் பிரிட்டனில் இரண்டிரண்டாகப் போட்டதால், ஐந்து நாவல்கள் அலமாரியில் ஏழு புத்தகங்களாக நிற்கின்றன. மின்னூலில் படிக்கிறவர் “நாலாவது” என்பதும் கடையில் வாங்கியவர் “நாலாவது” என்பதும் வேறு வேறு புத்தகம்.

இரண்டாவது, எண்ணை மாற்றுவது. சி. எஸ். லூயிஸின் நார்னியா கதைகளில் 1950இல் முதலில் வந்தது ‘தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்’. அந்த உலகம் உருவான கதையைச் சொல்லும் ‘தி மெஜீஷியன்ஸ் நெஃப்யூ’ ஐந்து வருடம் கழித்து, ஆறாவதாக வந்தது. 1994இல் பதிப்பாளர்கள் கதை நடக்கும் கால வரிசைப்படி எண்களை மாற்றி, ஆறாவதை முதலாவதாக்கினார்கள். இன்று கடையில் ‘1’ என்று போட்டிருப்பது அதுதான். லூயிஸே 1957இல் ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில் கால வரிசையின் பக்கம் சாய்ந்திருக்கிறார். எந்த வரிசையில் படித்தாலும் பெரிய வித்தியாசமில்லை என்றும் அதே கடிதத்தில் சொல்லியிருக்கிறார். இதில் எங்கள் நிலைப்பாடு உறுதியானது: வெளிவந்த வரிசையில்தான் படிக்க வேண்டும். முதலில் வந்த நூலில், அலமாரிக்குள் புகுந்த சிறுமி லூசி, தொங்கும் கோட்டுகளை விலக்கிக்கொண்டே போகிறாள். காலடியில் பனி நொறுங்குகிறது, காட்டின் நடுவே ஒற்றைத் தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. அது ஏன் அங்கே நிற்கிறது என்று அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அந்தத் திகைப்புதான் அந்தக் காட்சியின் உயிர். காரணத்தைச் சொல்லும் புத்தகத்தை முதலில் படித்தவருக்கு அது வெறும் விளக்குக் கம்பம். கடிதம் எழுதிய சிறுவனும் லூயிஸும் தெருவிளக்கை ஏற்கெனவே பார்த்துவிட்டவர்கள் என்பதை மறந்துவிடக்கூடாது.

ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ வரிசையும் அப்படியே. மூல நூல்கள் 1951, 1952, 1953 ஆண்டுகளில் வந்தன. ‘பிரிலூட் டு ஃபவுண்டேஷன்’ கதைப்படி முந்தியது, வெளிவந்ததோ 1988இல். அந்த நூலின் முன்குறிப்பில் அசிமோவே தம் புத்தகங்களைக் கால வரிசையில் பட்டியலிட்டிருக்கிறார். அதைப் படமெடுத்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பி, “இதுதான் வரிசை” என்று புதியவர்களுக்குச் சொல்லாதீர்கள். முற்கதை என்பது மூலக்கதை தெரிந்தவருக்காக எழுதப்படுவது.

மூன்றாவது, தலைப்பை மாற்றுவது. பிலிப் புல்மனின் ‘நார்தர்ன் லைட்ஸ்’ 1995இல் பிரிட்டனில் வந்தது. அமெரிக்காவில் அதே புத்தகத்துக்கு ‘தி கோல்டன் காம்பஸ்’ என்று பெயர். இரண்டாம் பாகம் என்று நினைத்து அதையே மறுபடி வாங்கியவர்கள் உண்டு.

ஆகவே கூட்டத்துக்கு வருமுன் இரண்டு நிமிடம் செலவழியுங்கள். தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் உள்ள பதிப்புரிமைப் பக்கத்தைத் திறந்தால் இரண்டு ஆண்டுகள் இருக்கும்: நூல் முதலில் வெளியான ஆண்டு, இந்தப் பதிப்பின் ஆண்டு. புதியவர்கள் எப்போதும் இரண்டாவதைத்தான் படிக்கிறார்கள். நமக்கு வேண்டியது முதலாவது. பிறகு ‘இதே ஆசிரியரின் பிற நூல்கள்’ பட்டியலைப் பாருங்கள். முதல் பாகம் என்று எண் போட்ட புத்தகத்தின் முதல் வெளியீட்டு ஆண்டு மற்ற பாகங்களுக்குப் பிந்தியதாக இருந்தால் அது முற்கதை. அடுத்து, அட்டையிலும் முதுகிலும் ‘பகுதி’ என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். கடைசியாக, பின்னட்டையில் கோடுகளுக்கு அருகே உள்ள 13 இலக்க ஐ.எஸ்.பி.என். எண்ணைப் படமெடுத்துப் புலனத்தில் போடுங்கள். அந்த எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். தலைப்பை வைத்துத் தேடாமல் எண்ணை வைத்து வாங்குகிறவர் ஏமாற மாட்டார்.

சொல்லும்போது இப்படிச் சொன்னால் போதும்: “டியூன். ஃபிராங்க் ஹெர்பர்ட், 1965. வரிசையில் முதலாவது, முழு நாவலும் ஒரே புத்தகம். இரண்டாம் பகுதி ஆரம்பிச்சிருக்கேன்.” கால் நிமிடம்கூட ஆகாது.

தமிழ் நூல்களுக்கும் இது பொருந்தும். “வெண்முரசு படிக்கிறேன்” என்றால் என்ன அர்த்தம்? மகாபாரதத்தை ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை நாவலாகத் திரும்ப எழுதிய அந்த வரிசையில் 26 நாவல்கள் இருக்கின்றன. எந்த நாவல் என்று சொல்லுங்கள். அதை ஃபேண்டஸியில் சேர்க்கலாமா என்ற வாதம் தனி, இன்னும் முடியவில்லை. சுஜாதாவின் ‘மீண்டும் ஜீனோ’வை ‘என் இனிய இயந்திரா’வுக்கு முன்னால் யாருக்கும் கொடுக்காதீர்கள். வார இதழில் வந்த தொடரைக் கிழித்துத் தைத்த பழைய பைண்டிங் வீட்டில் இருந்தால், கொண்டுவருமுன் எல்லா வாரமும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

பக்க எண்ணைச் சொல்வது

“210ஆம் பக்கத்துல இருக்கேன்” என்பதால் யாருக்கும் பயனில்லை. பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும், மின்னூலில் எழுத்தைப் பெரிதாக்கினால் அங்கேயும் மாறும். அத்தியாயத்தைச் சொல்லுங்கள்.

அத்தியாயமும் கைவிடும் இடம் ஒன்று உண்டு. லியு சிஷினின் ‘தி த்ரீ-பாடி பிராப்ளம்’ நூலை நம் ஊர்ச் சீன நண்பர்கள் மூலத்திலேயே படிக்கிறார்கள். சீனப் புத்தகம் நிகழ்காலத்தில் தொடங்குகிறது, கலாச்சாரப் புரட்சிக் காட்சிகள் பிறகுதான் வருகின்றன. 2014இல் வந்த கென் லியுவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்தக் காட்சிகள் முன்னால் வந்துவிட்டன. “மூணாவது அத்தியாயம் எப்படி?” என்று அவர்களிடம் கேட்டால் இருவரும் வேறு வேறு இடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள். காட்சியைச் சொல்லிக் கேளுங்கள்.

பின்னட்டை, பின்னிணைப்பு

இரண்டாம் பாகத்தின் பின்னட்டை முதல் பாகத்தின் முடிவைச் சொல்லும். மேசையில் வைக்கும்போது கவனம். பள்ளிப் புத்தகத்துக்குப் போடுவது போல பழுப்புத்தாள் அட்டை போட்டுக் கொண்டுவருவது நல்ல பழக்கம். ‘டியூன்’ நூலின் கடைசியில் உள்ள அருஞ்சொற்பட்டியலைப் புதியவருக்குக் காட்டலாம். பிரபுக் குடும்பங்களைப் பற்றிய பின்னிணைப்பைக் காட்டாதீர்கள், அதில் பிறந்த ஆண்டோடு இறந்த ஆண்டும் இருக்கிறது.

அட்டையில் டிராகன் இருந்தால் சிறுவர் நூல் என்று நினைப்பது

படித்துப் பார்க்காமல் பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள்.

முடியாத வரிசையை முடிந்ததுபோல் சிபாரிசு செய்வது

மார்ட்டினின் ஐந்தாம் நாவல் வந்தது 2011இல். ஆறாவது இன்னும் வரவில்லை. காசு போடுமுன் சொல்லிவிடுங்கள்.

பாதியில் நிறுத்தியதை மறைப்பது

வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்த அத்தியாயத்தில் நிறுத்தினீர்கள், ஏன் என்ற இரண்டையும் சொல்லுங்கள். “நாலு பேர் கதை மாறி மாறி வருது, பெயர் நிக்கல, ஒன்பதாவதுல விட்டுட்டேன்” என்பது வட்டத்துக்குக் கிடைக்கிற நல்ல தகவல். அடுத்தவர் முதல் நாளே ஒரு தாளில் பெயர்களை எழுதிக்கொண்டு ஆரம்பிப்பார்.

இரவல்

முதல் பாகம் திரும்பி வருமுன் இரண்டாம் பாகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். கொடுக்கிற புத்தகத்தின் உள்ளட்டையில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: ஆசிரியர், முதலில் வெளிவந்த ஆண்டு, வரிசையில் எத்தனையாவது, முழு நாவலா பகுதியா, இதற்கு முன்னால் எதைப் படிக்க வேண்டும். பென்சிலால் எழுதாதீர்கள், அழிந்துவிடும்.