சீனப் பிள்ளைகளுக்கு ஐயெல்ட்ஸ் படிப்பிக்கப் போகிறீர்களா?

கோலாலம்பூரில் ரியூசன் நிலையம் நடத்தும் மச்சான் ஒருநாள் போன் எடுத்து, "நீ ஊரில ஓ.எல். பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் படிப்பிக்கிறாய்தானே, இஞ்ச நாலு சீனப் பிள்ளைகள் ஐயெல்ட்ஸ் கேக்கினம், செய்வியோ?" என்றான். ஐயெல்ட்ஸ் என்பது வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் எழுதும் ஆங்கிலப் பரீட்சை; கேட்டல், வாசிப்பு, எழுத்து, பேச்சு என்று நாலு பகுதி. உப்புவெளி வீட்டின் முன்னறையில் இருந்தபடி சூமில் தொடங்கினேன். இப்போது திருகோணமலையில் இன்னும் சிலர் இந்த வேலைக்கு இறங்கியிருப்பதால், நான் விட்ட பிழைகளை நீங்களும் விட வேண்டாம் என்று எழுதுகிறேன்.

சீனாவுக்குள்ளேயே இருக்கும் பிள்ளைகளைப் பிடித்துத் தருகிறோம் என்று யாராவது வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். 2021 ஜூலையில் அந்த அரசு தனியார் ரியூசனைக் கட்டுப்படுத்தியபோது, வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டவரை வைத்து வகுப்பு நடத்துவதையும் தடுத்துவிட்டது. குடும்பத்தோடு மலேசியாவுக்கு வந்து படிப்பவர்கள் என்றால் அந்தச் சிக்கல் இல்லை. அவர்களுடைய இரவு எட்டு மணி எங்களுக்குப் பின்னேரம் ஐந்தரை, அதனால் பகல் வேலையும் கெடாது.

இலக்கணத்தில் தொடங்காதீர்கள். நான் முதல் இரண்டு கிழமையை அதில்தான் வீணாக்கினேன், பிறகு பார்த்தால் சில கேள்விகளில் பிள்ளைகள் என்னையே திருத்துகிறார்கள்! காவோகாவ் என்ற பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சையை மனதில் வைத்து வளர்ந்தவர்கள் அவர்கள். அதில் ஆங்கிலத்துக்கு 150 புள்ளி, பெரும்பாலான மாகாணங்களில் அந்த 150 இல் பேச்சுக்கு இடமே இல்லை. வாசிப்பார்கள், சொல் தெரியும், வாய் மட்டும் திறக்காது. எங்கள் ஓ.எல். பிள்ளைகளும் வேறா என்ன.

ஆகவே நேரத்தின் பெரும்பகுதியைப் பேச்சுக்குக் கொடுங்கள். ஐயெல்ட்ஸ் பேச்சுப் பரீட்சை 11 முதல் 14 நிமிடம், மூன்று பகுதி. இரண்டாம் பகுதியில் ஒரு அட்டை தருவார்கள், ஒரு நிமிடம் யோசித்துவிட்டு இரண்டு நிமிடம் வரை தனியே பேச வேண்டும். தலைப்புகள் ஜனவரி, மே, செப்டம்பரில் மாறும், மாறியதும் எழுதிவிட்டு வந்தவர்கள் நினைவில் இருந்ததை இணையத்தில் போட்டுவிடுவார்கள், பிள்ளைகள் அதற்கு விடை பாடமாக்கிக்கொண்டு வருவார்கள். பாடமாக்கிய விடையைப் பரீட்சகர் கெதியாகக் கண்டுபிடித்துவிடுவார். ஒரு பிள்ளை தன் ஊர் ஆற்றைப் பற்றி அழகாக ஒப்புவித்தாள். நடுவில் மறித்து, அங்கே என்ன மணக்கும் என்று கேட்டேன். அரை நிமிடம் மௌனம். பிறகு, மீனும் டீசலும் என்றாள். எங்கள் கடற்கரையும் அப்படித்தான் என்று நான் சொன்னதும் ஐந்து நிமிடம் நிறுத்தாமல் கதைத்தாள், பிழை நிறைய, ஆனால் அது அவளுடைய பேச்சு. அன்றிலிருந்து எல்லோரையும் நடுவில் மறிக்கிறேன். எங்கள் டவுனில் மான் திரியும் படத்தைக் காட்டி, இது யாருடைய மான், றோட்டில் ஏன் நிற்கிறது என்று கேட்டால் கூச்சக்காரப் பிள்ளையும் வாய் திறக்கும். காலியில் 1911 இல் கிடைத்த, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ 1409 இல் பொறிப்பித்த கல்லும் நல்ல தலைப்பு. அதில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் இருக்கின்றன.

சில பிழைகள் அவர்கள் மொழியிலிருந்தே வருபவை, சோம்பல் என்று நினைத்து ஏசாதீர்கள். அவனுக்கும் அவளுக்கும் சீனப் பேச்சில் ஒரே ஒலிதான், 'தா', அதனால் அம்மாவை 'ஹீ' என்பார்கள். வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறாது, 'யெஸ்டர்டே ஐ கோ' அங்கிருந்துதான் வருகிறது. 'ஓல்தோ' என்று தொடங்கினால் அடுத்த பாதியில் 'பட்' வந்தே தீரும். எங்களுக்கு லட்சம் போல அவர்களுக்கு 10,000 க்குத் தனிச்சொல் உண்டு, ஆகவே கேட்டல் பகுதியில் பெரிய எண் வந்தால் தடுமாறுவார்கள், தினமும் ஐந்து எண் சொல்லி எழுத வையுங்கள். 'வி'யும் 'டபிள்யூ'வும் அவர்களுக்கும் குழப்பம், எங்களுக்கும் குழப்பம். முதலில் உங்கள் குரலைப் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள்.

பரீட்சையில் எழுத்துப் பகுதிக்கு ஒரு மணித்தியாலம். முதல் கேள்விக்குக் குறைந்தது 150 சொல், இரண்டாவதற்கு 250, இரண்டாவதற்கு இரட்டிப்பு மதிப்பு, எனவே அதை முதலில் எழுதச் சொல்கிறேன். ஒவ்வொரு நாணயத்துக்கும் இரண்டு பக்கம் உண்டு, சமூக வளர்ச்சியுடன் என்று தொடங்கும் வாக்கியங்களுக்கு என் வகுப்பில் தடை. வாசிப்புக்கு அவர்களே போதும், 'ஃபோல்ஸ்' (பந்தி சொல்வதற்கு மாறானது) எது, 'நொட் கிவின்' (பந்தியில் சொல்லாதது) எது என்பதை மட்டும் பிரித்துக் காட்டுங்கள்.

அப்புறம் சீனர்கள் பாவிக்கும் வீசாட் செயலியில் தினமும் ஒரு நிமிடக் குரல்பதிவு கேளுங்கள். முதல் கிழமை எல்லோரும் எழுதிவைத்து வாசித்துத்தான் அனுப்புவார்கள், விட்டுவிடுங்கள். பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தமும் தம்பியின் சத்தமும் கேட்கத் தொடங்கும் நாளில் பிள்ளையின் கையில் தாள் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.